கோட்டை இறுதிக்கட்டத்தை வெல்வது எது?

இரு பக்கமும் அரசனும் ஒரு கோட்டையும் சில சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சிய பலகையில் யார் வெல்வார்? ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவரா, சிப்பாயொன்றை முன்னே ஓடவிட்டிருப்பவரா, கோட்டையைத் தடையின்றி உலவவிட்டிருப்பவரா? சதுரங்க இறுதிக்கட்டம் பற்றி எழுதியவர்கள் பல நூற்றாண்டுகளாக இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். அவர்களின் விடைகள் முழுதாக ஒத்துப்போவதில்லை.

கேள்வி ஏட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. ஆட்டத் தொகுப்புகளை எண்ணிப் பார்த்தவர்களின் கணக்கில், நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ எட்டு இத்தகைய நிலையைத் தொடுகின்றன. வேறெந்த இறுதிக்கட்ட வகையும் இத்தனை முறை வருவதில்லை. தொடக்க நகர்வுகளை மனனம் செய்யும் மாணவர் அவற்றில் பாதியைப் பலகையில் காணாமலே போகலாம். கோட்டை இறுதிக்கட்டத்தை அவர் எப்படியும் சந்திப்பார்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். கோட்டை என்று இங்கு எழுதுவது தமிழ்நாட்டில் யானை எனப்படும் காயை. தன் நிரலிலும் இரு பக்கத்து நிரல்களிலும் எதிரிச் சிப்பாய் குறுக்கே நிற்காத சிப்பாய் தடையற்ற சிப்பாய். பயிற்சி அறைகளில் அதைப் ‘பாஸ்ட் போன்’ என்றே சொல்கிறார்கள். பாடசாலைக் கணிதத்தில் உள்ளதுபோல் மேலிருந்து கீழாக வருவது நிரல், குறுக்காகச் செல்வது நிரை. துடிப்பான கோட்டை என்றால் எதிரியைத் தாக்கவும் செக் சொல்லவும் இடம்மாறவும் வழியுள்ள கோட்டை. சொந்தச் சிப்பாய்க்குக் காவல் நின்று அசைய முடியாமல் போனது செயலற்ற கோட்டை.

மாதிரி நிலைகளின் மரபு

மிகப் பழைய விடை, கேள்வியைச் சிறு துண்டுகளாக்கித் தீர்ப்பது. ஒரு கோட்டையும் ஒரு சிப்பாயும் ஒரு கோட்டைக்கு எதிராக நின்றால் வெற்றியா சமநிலையா? இதற்கு இரண்டு மாதிரி நிலைகள் போதும் என்று இந்த மரபு கருதியது.

முதலாவது லூசேனா நிலை. சிப்பாய் ஏழாம் நிரையை எட்டிவிட்டது. அதன் அரசன் முன்னால், பதவி உயர்வுக் கட்டத்தில் நிற்கிறான். எதிரி அரசன் ஒதுக்கப்பட்டிருக்கிறான். இப்போது கோட்டையை நான்காம் நிரைக்குக் கொண்டுவந்து, பின்னாலிருந்து வரும் செக்குகளுக்கு அதையே குறுக்கே வைத்து மறைத்தால் வெற்றி. ‘பாலம் கட்டுதல்’ என்று இதற்குப் பெயர். லூசேனாவின் 1497ஆம் ஆண்டு நூலில் இந்த நிலை கிடையாது. 1634இல் வெளிவந்த சால்வியோவின் நூலில்தான் இருக்கிறது. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டாவது பிலிடோரின் தற்காப்பு. அவருடைய நூலின் 1777ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ளது. தற்காப்பவர் தன் கோட்டையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாம் நிரையில் நிறுத்தி எதிரி அரசனை முன்னேற விடாமல் தடுக்கிறார். சிப்பாய் அந்த நிரைக்கே வந்ததும் கோட்டை பலகையின் மறுகோடிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் சொல்லத் தொடங்குகிறது. முன்னால் ஒளிந்துகொள்ளும் இடத்தைச் சிப்பாயே அடைத்துவிட்டதால் அரசன் தப்ப முடியாது. சமநிலை.

இந்த மரபு துல்லியமானது. ஆனால் அது பேசுவது ஐந்து காய்களைப் பற்றி. உண்மையான ஆட்டங்கள் மூன்று சிப்பாய்க்கு மூன்று, நான்குக்கு மூன்று என்ற நிலையில்தான் திக்குமுக்காடுகின்றன. லூசேனாவும் பிலிடோரும் போய்ச்சேர வேண்டிய இடத்தைக் காட்டுகிறார்கள். அங்கே போகும் வழியைப் பற்றி அவர்களிடம் அதிகம் இல்லை.

டாரஷின் விதி

வழிக்கு ஒரு விதி தர முயன்றவர் ஜெர்மனியின் ஸீக்பெர்ட் டாரஷ். கோட்டையின் இடம் தடையற்ற சிப்பாயின் பின்னால் என்றார். சிப்பாய் உன்னுடையதானாலும் சரி, எதிரியுடையதானாலும் சரி. பின்னால் நின்றால், சிப்பாய் ஒவ்வொரு கட்டம் முன்னேறும்போதும் கோட்டைக்கு ஒரு கட்டம் கூடுதலாகக் கிடைக்கும். முன்னால் நின்றால் ஒவ்வொரு கட்டமாகக் குறையும். காரணம் இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் விதி உலகெங்கும் பரவியது.

இதற்கு என்றும் காட்டப்படும் சான்று, 1927இல் புவெனஸ் அயர்ஸில் அலெகைனுக்கும் காபபிளாங்காவுக்கும் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 34ஆவது ஆட்டம். அலெகைனிடம் ஏ நிரலில் ஒரு தடையற்ற சிப்பாய். அவருடைய கோட்டை அதன் பின்னால். காபபிளாங்காவின் கோட்டை அதன் முன்னால் அடைபட்டுக் கிடந்தது. 82 நகர்வுகளில் ஆட்டமும் அதோடு பட்டமும் கைமாறின.

ஆனால் அந்த ஆட்டத்தை நகர்வு நகர்வாகப் பார்த்தால், கோட்டை பின்னால் நின்றதால் மட்டும் வெற்றி வரவில்லை. கோட்டையும் சிப்பாயும் எதிரியை ஏ நிரலில் கட்டிப்போட, அலெகைனின் அரசன் பலகையின் மறுபக்கம் நடந்து காபபிளாங்காவின் சிப்பாய்களிடம் போய்ச் சேர்ந்தான். அந்த நடை இல்லையென்றால் விதி சரியாக இருந்தும் பலன் வந்திருக்குமா என்று கேட்க இடமுண்டு.

விதிவிலக்குகளும் பல. 1924இல் வெளியான வான்சூராவின் தற்காப்பில், தாக்குபவரின் சிப்பாய் ஏ நிரலில் ஆறாம் நிரைக்கு வந்து அவர் கோட்டை அதன் முன்னால் சிக்கிக்கொண்டிருக்கும். தற்காப்பவரின் கோட்டை பின்னால் போகாமல், அதே ஆறாம் நிரையில் தூரத்தில் நின்று பக்கவாட்டில் சிப்பாயைத் தாக்குகிறது. எதிரி அரசன் காவலுக்கு வந்தால் செக். சிப்பாய் ஒரு கட்டம் போனால் கோட்டை பின்னால் ஓடிப் பிடித்துக்கொள்ளும். சமநிலையைத் தருவது பக்கவாட்டுத் தாக்குதல். பின்னால் போவது கடைசி நேரத்தில்தான்.

இன்னொரு நிலை நெடுநாள் விவாதப் பொருளாக இருந்தது. அரசன் பக்கத்தில் மூன்றுக்கு மூன்று சிப்பாய்கள். மறுபக்கத்தில் வெள்ளைக்கு ஏ நிரலில் ஒன்று கூடுதல். வெள்ளைக் கோட்டை அதன் முன்னால், கறுப்புக் கோட்டை பின்னால். டாரஷ் விதிப்படி கறுப்புக்கு நல்ல இடம். பல ஆண்டுகள் சமநிலை என்றே நம்பினார்கள். 2000களின் தொடக்கத்தில் யொஹன்னஸ் ஷ்டெக்னரின் பகுப்பாய்வு, இவ்வகை நிலைகள் சிலவற்றில் வெள்ளைக்கு வெல்லும் வழி இருப்பதைக் காட்டியது. மார்க் டுவோரெட்ஸ்கி தன் இறுதிக்கட்டக் கையேட்டில் இதை விரிவாக எடுத்துப் பேசினார். விதியில் விதிவிலக்கு உண்டு என்று டாரஷே சொன்னதாக ஒரு கதையும் உலவுகிறது. சொல்லியிருந்தால் அது அவருடைய மிகச் சிறந்த வாக்கியம்.

துடிப்பே பொருள் என்ற கட்சி

மூன்றாவது கட்சி, சிப்பாய் எண்ணிக்கையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறது. ஒரு சிப்பாயை இழந்தாலும் கோட்டை துடிப்பாக இருந்தால் போதும் என்பது அதன் வாதம். அகிபா ரூபின்ஸ்டைனின் ஆட்டங்கள், குறிப்பாக 1909இல் சென் பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்பீல்மனுக்கு எதிராக ஆடியது, இந்தக் கட்சியின் பாடப்புத்தகம். அதைவிடக் கூர்மையானது 1924 நியூயோர்க் போட்டியில் காபபிளாங்கா டார்டகோவரை வென்ற ஆட்டம்.

அங்கே காபபிளாங்காவின் கோட்டை ஏழாம் நிரையில் அமர்ந்து எதிரி அரசனை அடைத்துவைத்திருந்தது. ஜி நிரலில் ஒரு தடையற்ற சிப்பாய். 35ஆவது நகர்வில் அரசனை ஜி3க்கு நகர்த்தினார். விளைவு, டார்டகோவரின் கோட்டை அடுத்தடுத்து இரண்டு சிப்பாய்களைச் செக் சொல்லியபடியே பிடித்தது. காபபிளாங்கா அதைப் பொருட்படுத்தாமல் அரசனை எச்4, ஜி5, எஃப்6 என்று நடத்திக்கொண்டு போனார். எஃப்5இல் நின்ற எதிரிச் சிப்பாயைக்கூட வழியில் பிடிக்கவில்லை. அந்தச் சிப்பாய் நின்றால்தான் பின்னாலிருந்து வரும் செக்குகளுக்கு மறைப்பாகும். எதிரியின் சிப்பாயையே குடையாகப் பிடித்தார் எனலாம். அதன்பின் கறுப்பால் எதுவும் செய்ய முடியவில்லை.

இந்தக் கட்சியின் பலவீனம், ‘துடிப்பு’ என்பதை அளக்க ஒரு கோல் இல்லாதது. ஒரு சிப்பாய்க்கு எவ்வளவு துடிப்பு ஈடாகும் என்று யாரும் சொன்னதில்லை. வென்ற ஆட்டத்தில் கோட்டை துடிப்பாக இருந்தது என்று பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்வது எளிது. தோற்ற கோட்டைகளில் எத்தனை துடிப்பாக இருந்தன என்று எண்ணியவர்கள் குறைவு.

இதோடு ஒட்டிய ஒரு பழமொழியும் உண்டு: கோட்டை இறுதிக்கட்டம் எல்லாமே சமநிலை. டாரஷ் சொன்னது என்பார் சிலர், டார்டகோவர் என்பார் சிலர். தற்காப்பவரின் கோட்டையும் துடிப்பாக முடியும் என்ற அளவில் அதில் உண்மை இருக்கிறது. அதை நம்பிக் கவனத்தைத் தளர்த்தியவர்கள் கண்ட விளைவு வேறு.

சென்னை, 2013 நவம்பர் 16

இந்தக் கட்சிகள் எல்லாவற்றையும் ஒரே ஆட்டத்தில் உரைத்துப் பார்க்க வேண்டுமானால் வெகுதூரம் போகத் தேவையில்லை. 2013 நவம்பரில் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்தும் மக்னஸ் கார்ல்சனும் மோதிய உலகப் பட்டப் போட்டியில் முதல் நான்கு ஆட்டங்களும் சமநிலை. ஐந்தாவதும் ஆறாவதும் அடுத்தடுத்த நாள்களில் நடந்தன. இரண்டும் கோட்டை இறுதிக்கட்டமாகி, இரண்டிலும் கார்ல்சன் வென்றார். போட்டி 6½–3½ என்று முடிந்தது. ஆனந்தின் பட்டம் சொந்த ஊர் மேடையில் கைநழுவியதற்கு இந்த இரு நாள்களே பெரிய காரணம்.

ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் வெள்ளை. 40ஆவது நகர்வில் அரசிகள் பலகையைவிட்டு நீங்கியபோது அவரிடம் ஒரு சிப்பாய் குறைவு. தற்காக்கத்தக்க நிலைதான் அது. பிறகு அவர் எச் நிரல் சிப்பாயையும் கொடுத்துத் தன் கோட்டையை உயிர்ப்பித்தார். அதாவது துடிப்புக் கட்சியின் அறிவுரைப்படியே ஆடினார். அந்தக் கோட்டை பி5, சி4 சிப்பாய்கள் இரண்டையும் பிடித்தது. 59ஆவது நகர்வு முடிந்தபோது மூன்றுக்கு மூன்று. எண்ணிக்கை சமம். ஆனந்திடம் பி, சி நிரல்களில் கைகோத்த இரண்டு தடையற்ற சிப்பாய்கள் வேறு.

கார்ல்சன் தன் பி5, சி4 சிப்பாய்களைக் கடைசிவரை காத்து நிற்கவில்லை. அந்த நேரத்தில் அவர் செய்தது அரசனை நடத்தியதுதான்: ஜி5, எஃப்4, ஈ3. ஆனந்தின் அரசன் எச்2இல் ஓரத்தில் நின்றான். கார்ல்சனிடம் எஃப் நிரலில் ஒரு சிப்பாய், எச் நிரலில் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு. பார்ப்பதற்கு அழகான அமைப்பு அல்ல. எஃப் சிப்பாயோ ஜி2இல் நின்ற வெள்ளைச் சிப்பாயால் இன்னும் தடைப்பட்டிருந்தது.

60ஆவது நகர்வு அந்தப் போட்டியின் நேரக் கட்டுப்பாட்டில் ஒரு தவணையின் கடைசி நகர்வு. ஆனந்த் கோட்டையை ஏ4க்குக் கொண்டுசென்றார். பி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியிருந்தால் சமநிலை என்பது பின்னர் வந்த பகுப்பாய்வுகளின் முடிவு. கார்ல்சனின் விடை எச்3. ஒரு சிப்பாயைச் சும்மா கொடுக்கிறார். ஆனந்தின் ஜி சிப்பாய் அதைப் பிடித்தே ஆக வேண்டும். பிடித்ததும் ஜி நிரலைவிட்டு எச் நிரலுக்குப் போய்விடுகிறது. ஒரே நகர்வில் இரண்டு காரியம்: எஃப் சிப்பாய் தடையற்றதாகிறது, ஜி நிரல் திறக்கிறது. கறுப்புக் கோட்டை ஜி6க்குப் பின்வாங்கி நிற்க, ஆனந்தின் அரசன் எச் நிரலைவிட்டு வெளியே வர முடியாமல் போகிறான். எஃப் சிப்பாய் ஓடுகிறது. ஆனந்தின் செக்குகள் வருகின்றன. கறுப்பு அரசன் ஈ2, எஃப்3, எஃப்4 என்று தன் சிப்பாயைச் சுற்றியே ஒதுங்கிக்கொள்கிறான். 67ஆவது நகர்வில் கார்ல்சனின் கோட்டை ஜி1இல் இறங்கியது. எஃப்2 சிப்பாயே அந்தக் கோட்டைக்குக் காவல் என்பதால் பக்கத்தில் நிற்கும் வெள்ளை அரசன் அதைத் தொட முடியாது. ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அப்போது அவரிடம் மூன்று சிப்பாய்கள், கார்ல்சனிடம் இரண்டு.

சிப்பாய்களின் எண்ணிக்கையால் இதை விளக்க முடியாது. துடிப்புக் கட்சிக்கும் சிக்கல்: ஆனந்தின் கோட்டையும் துடிப்பாகத்தான் இருந்தது. டாரஷ் விதிக்கு இங்கே வேலையே இல்லை; கார்ல்சனின் கோட்டை சிப்பாயின் பின்னால் போகாமல் பக்கத்து நிரலில் நின்று அரசனை மறித்தது. வேறுபாடு இரண்டு அரசர்களின் இடத்தில் இருக்கிறது. 1924இல் காபபிளாங்காவும் 1927இல் அலெகைனும் வென்ற முறையோடு சேர்த்துப் பார்த்தால், விதி எழுதியவர்கள் கோட்டையையும் சிப்பாயையும் பற்றியே அதிகம் பேசி, அரசனைக் குறைத்து மதிப்பிட்டார்களோ என்று தோன்றுகிறது. தடையற்ற சிப்பாயின் மதிப்பு அது எத்தனையாவது நிரையில் நிற்கிறது என்பதோடு, அதன் அருகே செக்குகளுக்குத் தப்பி நிற்க அரசனுக்கு இடம் உண்டா என்பதையும் பொறுத்தது. மூன்று ஆட்டங்களை வைத்துப் பொது விதி எழுத முடியாது. ஐயம் எழுப்ப அவை போதும்.

கோட்டைகளை மாற்றிக்கொள்வது பற்றியும் ஒரு சொல். தற்காப்பவர் காய்களைக் குறைத்தால் சமநிலை நெருங்கும் என்பது பொது நம்பிக்கை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில், டிங் லிரென் 55ஆவது நகர்வில் தன் கோட்டையை எஃப்2க்கு நகர்த்தி மாற்றத்துக்கு இடம் கொடுத்தார். சென்னையின் குகேஷ் கோட்டையை மாற்றினார், அடுத்து மந்திரியையும் கட்டாயமாக மாற்ற வைத்தார். மிஞ்சிய வெறும் சிப்பாய் ஆட்டத்தில் கூடுதல் சிப்பாய் நேரடியாகவே வென்றது. கோட்டை பலகையில் இருந்தவரை டிங்கைக் காப்பாற்றியது அதுதான். சமநிலைப் பழமொழிக்கு இது மறுபக்கச் சான்று.

அட்டவணைகள் தீர்த்தவை

நான்காவது விடை கணினியுடையது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் காய்கள் உள்ள எல்லா நிலைகளையும் பின்னோக்கிக் கணக்கிட்டு வெற்றியா சமநிலையா என்று பதிந்துவைக்கும் அட்டவணைகள் 1980களில் கென் தொம்சனின் பணியால் ஐந்து காய்வரை வந்தன. அவற்றை வைத்து ஜோன் நன் 1992இல் கோட்டையும் ஒரு சிப்பாயும் பற்றியே முழு நூல் எழுதினார். 2012இல் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தின் கணினியில் ஏழு காய் அட்டவணை உருவானது. பிறகு வந்த ஸிஸிஜி அட்டவணைகளை லிசெஸ் தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

பழைய நூல்களின் பிழைகள் பல இதனால் திருந்தின. ஆனால் முழுமையான அட்டவணைகளின் எல்லை ஏழு காய்கள். சென்னை ஆட்டத்தில் 60ஆவது நகர்வின்போது பலகையில் இருந்தவை பத்து. கடைசி நிலையிலும் ஒன்பது. ஆகவே பி4 சமநிலை தந்திருக்கும் என்ற தீர்ப்பு, கணினி இயந்திரங்களின் ஆழ்ந்த தேடலையும் மனிதப் பகுப்பாய்வையும் நம்பியது. உறுதியான நிரூபணம் என்று அதைச் சொல்ல முடியாது. நம்பத்தக்கது என்று சொல்லலாம். இன்னொன்று: அட்டவணை சமநிலை என்று காட்டும் நிலையில் மனிதர் எத்தனை முறை தோற்பார் என்பதை அது சொல்வதில்லை. கோட்டையோடு எஃப், எச் என்று இரண்டு சிப்பாய்கள் தனிக் கோட்டைக்கு எதிராக நிற்கும் நிலை பெரும்பாலும் சமநிலை. அதைக் காப்பாற்றுவது கிராண்ட்மாஸ்டர்களுக்கும் எளிதல்ல.

வாவிக்கரையில் எதை முதலில் கற்பிப்பது?

இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பாடசாலையில் ஆடும் பிள்ளைக்கும் மேற்கே படுவான்கரைப் பிள்ளைக்கும் இந்த விவாதம் வேறு வடிவில் வருகிறது. தரப்படுத்தல் சுற்றுப்போட்டிகளில் பெரும்பாலானவை கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும். உதயதேவி ரயிலில் ஏறிப் போய் இரண்டு மூன்று நாளில் திரும்ப வேண்டும். அடிக்கடி போக முடியாது. அனுபவத்தால் சேரும் உணர்வு அங்கே மெதுவாகத்தான் சேரும். அதே பிள்ளையின் கைத்தொலைபேசியில் ஏழு காய் அட்டவணை முழுதும் திறந்திருக்கிறது.

இதைக் கொண்டு மாதிரி நிலைகளைப் பாடமாக்கினால் போதும் என்று ஒரு சாரார் வாதிடலாம். லூசேனாவும் பிலிடோரும் அறியாமல் மேலே போக முடியாது என்பதில் ஐயமில்லை. இரண்டையும் ஒரு பிற்பகலில் கற்பிக்கலாம். அதற்குமேல் மாதிரிகளைக் கூட்டிக்கொண்டே போவது எவ்வளவு உதவும் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பத்துக் காய்கள் உள்ள பலகையில் மாணவர் எந்த அட்டவணையையும் நினைவுகூர முடியாது. அங்கே அவருக்குத் தேவை, தன் அரசன் எங்கே நிற்கிறான், எதிரி அரசனைக் கோட்டையால் எந்த நிரலில் மறிக்க முடியும், எந்தச் சிப்பாயைக் கொடுத்தால் எந்தச் சிப்பாய் விடுபடும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கும் பழக்கம். ஓடையின் குறுக்கே கட்டிய வலைபோல ஜி நிரலில் நின்ற கார்ல்சனின் கோட்டையை ஒருமுறை பலகையில் வைத்துக் காட்டினால், பல பக்க விளக்கம் மிச்சமாகும்.

கடிகாரத்தையும் மறந்துவிட முடியாது. பாடசாலை மட்டத்தில் பல போட்டிகள் குறைந்த நேரத்தில் ஆடப்படுகின்றன. இரண்டு நிமிடம் மிஞ்சியிருக்கும்போது தற்காப்பது தாக்குவதைவிடக் கடினம். செயலற்ற கோட்டையோடு தற்காப்பது அதைவிடக் கடினம். இந்த மட்டத்தில் ஒரு சிப்பாயைக் கொடுத்தாவது கோட்டையை விடுவிப்பது நல்ல அறிவுரையாகவே இருக்கக்கூடும், உலகப் பட்ட ஆட்டத்தில் அது ஆனந்தைக் காப்பாற்றாவிட்டாலும்.

இன்னும் திறந்திருப்பவை

மாதிரி நிலைகளின் மரபு தன் எல்லைக்குள் தோற்கடிக்க முடியாதது. டாரஷ் விதி முதல் எண்ணமாக நிற்கும், முடிவான எண்ணமாக நிற்காது. துடிப்புக் கட்சி நடைமுறையில் பெரும்பாலும் சரியாகிறது, ஆனால் தன் அளவுகோலை இன்னும் தரவில்லை. அரசனின் இடம் தீர்மானிக்கும் காரணி என்று இங்கே முன்வைத்த கருத்தும் புகழ்பெற்ற ஆட்டங்களிலிருந்து எடுத்தது. புகழ்பெற்ற ஆட்டங்கள் தொகுப்பில் இடம்பிடிப்பது அவை வழக்கத்துக்கு மாறானவை என்பதாலும் இருக்கலாம்.

எட்டுக் காய் அட்டவணை முழுமையாக வந்தால் மூன்றுக்கு மூன்று நிலைகளின் சில கிளைகள் தெளிவாகும். சென்னையின் பத்துக் காய் நிலை அப்போதும் வெளியேதான் நிற்கும். ஒருபக்கம் மூன்றுக்கு மூன்று, மறுபக்கம் ஓரச் சிப்பாய் ஒன்று என்ற பழைய வாக்குவாதத்தில், ஷ்டெக்னருக்குப் பிறகும், எந்தெந்தச் சிப்பாய் அமைப்பில் வெற்றி, எதில் சமநிலை என்ற எல்லைக்கோடு ஒவ்வொரு நிலையாகத்தான் வரையப்பட்டு வருகிறது. சமநிலையான நிலையில் மனிதர் எங்கே தவறுகிறார் என்பதற்கு, தாக்குபவரின் அரசன் எவ்வளவு முன்னால் நின்றான் என்பதோடு சேர்த்து ஆட்டத் தொகுப்புகளை எண்ணிப் பார்ப்பது செய்யக்கூடிய வேலை. வாவிக்கரைப் பாடசாலையொன்றின் கணிதக் கழகமே ஒரு மடிக்கணினியோடு அதைத் தொடங்கலாம்.